சிவப்புப் பக்கம்

ஒரு தரம் கையைத் தூக்கினால் ஆமாம், இரண்டு தரம் தூக்கினால் இல்லை, இடது கை மட்டும்தான் அண்ணே, வலது கை எதுவும் சொல்லாது என்று சொல்லிவிட்டு அருளப்பன் பெண்சாதி பிலோமினா சிலுவைப்பாதைக்குப் போனாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து திரும்ப ஐந்தரை ஆகும் என்றாள். இப்போது நாலரை. எனக்கும் அருளப்பனுக்கும் ஒரு மணி நேரம். இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். ஆனால் கேட்டபோதெல்லாம் அவனுக்கு வாய் இருந்தது, இப்போது வாய் கோணி ஒரு பக்கமாக இறங்கிக் கிடக்கிறது. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து உட்கார வைத்திருக்கிறாள். முகம் சவரம் செய்து சுத்தமாக இருக்கிறது. கண் மட்டும் பழைய கண்தான், அதே மாதிரி பார்க்கிறான், என்னை அளப்பது மாதிரி. பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதாக யூனியன் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். மறுநாளே சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணன் மனசு மாறி வந்திருக்கிறார் என்று பிலோமினா நினைக்கிறாள், வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நினைக்கட்டும். நான் வந்தது ஒரு கேள்விக்கு. எங்கள் வேகன் கம்பெனியில் வண்டிக்கு அடியில் ஆள் இறங்குவதற்கு முன்னால் தண்டவாளத்துக்கு நடுவில் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி நின்றால் வண்டிகளைத் தள்ளி நகர்த்துகிற ஷண்டிங் என்ஜின் அந்த லைனுக்குள் வராது. மூணாம் லைனில் கொடி நடுவது என் வேலை. கூட வேலை பார்த்த முனிரத்தினம் ஒரு நாள் அடியில் இறங்கினான், என்ஜின் வந்தது, அவன் வெளியே வரவில்லை. விசாரணையில் அருளப்பன் எழுந்து நின்று, கொடி இல்லை சார் என்றான். மூன்றே வார்த்தை. பதினொரு மாசம் வீட்டில் உட்கார்ந்தேன். திரும்ப எடுத்தார்கள், ஆனால் ஃபிட்டராகவே கிடந்து ஃபிட்டராகவே வெளியே வந்தேன். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவனெல்லாம் சார்ஜ்மேன் ஆகி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஏன்டா பொய் சொன்னே என்று கேட்க வேண்டும். ஆனால் ஏன் என்ற கேள்விக்கு ஒரு கையால் எப்படிப் பதில் சொல்லுவான், அதை நான் யோசிக்கவில்லை, பஸ்ஸில் வரும்போதுகூட யோசிக்கவில்லை. ஆமாம் இல்லை என்று வருகிற மாதிரி கேள்வியை மாற்ற வேண்டும். பொய்தானே சொன்னே. அப்படிக் கேட்கலாம். ஒரு தரம் தூக்கினால் போதும், எழுந்து போய்விடுவேன்.

அதற்குள் இந்த ரெக்கார்டு வேலை. வெள்ளிக்கிழமையானால் அவருக்கு அந்த ருஷ்யா ரெக்கார்டு ஓடணும் அண்ணே, நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்த்து நீங்கள் வாசித்துக் காட்டினால் அவருக்கு சந்தோஷம் என்று என் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். விரலை வைத்துத்தான் வாசிப்பேன், அவளுக்கு அது தெரியாது, அவனுக்குத் தெரியும். அவனும் எட்டாவதுதான். ஆனால் கம்பெனி பேண்டில் கிளாரினெட் வாசித்தான், வெள்ளைக்காரன் எழுதிவைத்த மியூசிக் நோட்டையெல்லாம் படிப்பான், அந்தத் திமிர் அவனுக்கு உண்டு. ருஷ்யாக்காரர்கள் மலிவு விலையில் புஸ்தகமும் ரெக்கார்டும் விற்ற காலத்தில் பொருட்காட்சியில் இதை வாங்கினான். நானும் கூடப் போயிருந்தேன், எனக்கு ஒரு இழவும் புரியவில்லை, அன்றைக்கு நாங்கள் நல்ல சிநேகம். ஏன்டா கோதண்டம், உனக்கு இருக்கிறது காதா, போல்ட்டு போடுற ஓட்டையா என்று கேட்டான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் யூனியன் ஹாலில் எட்டு பேரைக் கூட்டி உட்கார வைத்து இதைப் போட்டுக் காட்டினான். யார் எங்கே என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வாசிப்பான். அந்த நோட்டுதான் இது. அப்போது எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அவன் எப்போது வெளியே வருவான், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று. ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்தேன். நடுவில் ருஷ்ய எழுத்து, அது யாருக்குத் தெரியும். ஒரு பக்கம் எனாமல் பெயிண்டில் மஞ்சள் பொட்டு, இன்னொரு பக்கம் சிவப்புப் பொட்டு. எங்கள் கம்பெனியில் சிவப்புப் பெயிண்ட் பட்ட சாமான் கழித்துக் கட்டிய சாமான், அதை யாரும் வண்டியில் மாட்ட மாட்டார்கள். சரி, அந்தப் பக்கம் கீறல் விழுந்திருக்கும் என்று பாட்டுப்பெட்டியில் மஞ்சளை மேலே வைத்து முள்ளை இறக்கினேன். நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்துகொண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இதை எழுதியவர் ருஷ்யாக்காரர், பெயரைச் சொன்னால் நம்ம வாயில் நுழையாது, அதனால் எழுதவில்லை என்று ஆரம்பித்திருந்தான். துக்கமான இசை. அந்த ஊரில் அப்போது துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதனால் ஐம்பது நிமிஷம் வாசிக்க வைத்துவிட்டார் என்று இருந்தது. அதற்குக் கீழே, மெதுவாகத் தொடங்கும், அடித்தொண்டையில் பேசுகிற பெரிய வயலின்கள் மட்டும், தரையில் விழுந்து கிடப்பவன் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்ப்பது போல, இரண்டு முறை முடியாது, மூன்றாவது முறை பாதி எழுந்திருப்பான். இதை நான் வாசித்து முடிப்பதற்குள் பெட்டியிலிருந்து வந்தது என்ன? மெதுவும் இல்லை, தரையில் கிடப்பவனும் இல்லை. ஒரு மிஷின் ஓடுகிறது. ஒரே அடி, ஒரே அடி, ஒரே அடி, பிளேனிங் மிஷின் இரும்பைச் சீவிக்கொண்டு போய்த் திரும்பி வருவது மாதிரி. எனக்கு இசை தெரியாது, மிஷின் தெரியும். ஸ்க்ரூ டிரைவரைப் பேரிங்கில் வைத்து மறு முனையைக் காதில் வைத்து எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லுகிறவன் நான். இது எழுந்திருக்கப் பார்க்கிற மனுஷன் இல்லை. மறுபடி வாசித்தேன். மெதுவாகத் தொடங்கும். பெட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேளை தட்டு வேகமாகச் சுற்றுகிறதா என்று எழுந்து பார்த்தேன், சரியாகத்தான் சுற்றியது. அப்போதுதான் எனக்கு அது பட்டது, பட்டதும் உடம்பில் ஒரு சூடு ஏறியது, சந்தோஷம் என்றுகூட சொல்லலாம். இவன் எழுத்தே இப்படித்தான். எட்டு பேரை உட்கார வைத்து எதையோ அளந்திருக்கிறான், அவர்களும் தலையாட்டிவிட்டு டீ குடித்துப் போயிருக்கிறார்கள். காதில் விழுகிறதை விட்டுவிட்டு விழாததை எழுதுகிறவன். இல்லாததை இருக்கிறது என்று எழுதுகிறவன், இருந்ததை இல்லை என்று சொல்லாமல் இருப்பானா? இதைவிட சாட்சி வேண்டுமா? இதை விசாரணையில் காட்டியிருக்க வேண்டும், ஆனால் விசாரணை முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த ஆபீசர்களே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். பொய்தானே சொன்னே. அவன் இடது கை போர்வை மேல் எழும்பியது. ஒரு தரம். விழுந்தது. மறுபடி எழும்பியது. இரண்டு தரம். இல்லை.

நான் வாய்விட்டுக் கேட்டேனா? கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மனசில்தான் கேட்டேன். ஆனால் மிஷின் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்டிருக்காது, உதடு அசைந்திருக்கலாம், யாரோடும் அதிகம் பேசாதவன் நான், எனக்குள்ளே பேசுகிற பழக்கம் உண்டு, மருமகள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். கேட்டிருந்தால், இல்லை என்பதுதான் பதில். கேட்காமல் இருந்தால் அந்தக் கை எதற்கு எழும்பியது. மறுபடி எழும்பியது, இரண்டு தரம். கண்ணை ரெக்கார்டு பக்கம் திருப்பி என்னிடம் திருப்பினான். இல்லை, இல்லை. சரிடா, இன்னும் அதே பேச்சுதானா உனக்கு, வாய் போயும் போகவில்லையா. நான் நோட்டைப் பார்த்தேன். குனிந்தபடி விரலை வைத்து நாலைந்து வரி தள்ளிப் போனேன், இந்த இடத்தில் குழல் ஒன்று தனியாக அழும் என்று இருந்தது. அப்போது பெட்டி அலறியது. குழல் இல்லை, அழுகை இல்லை, அலறல். மிஷின் அடி மாறவே இல்லை, அது பாட்டுக்கு சீவிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேலே ஒன்று உச்சியில் கத்தி இறங்கி விழுகிறது. இன்னொன்று கத்தி இறங்கி விழுகிறது. என் கையிலிருந்த நோட்டு மடியில் விழுந்தது. முனிரத்தினம் ஒரு தரம்தான் கத்தினான். நான் பதினைந்து அடி தூரத்தில் டூல் பெட்டியிடம் இருந்தேன். என்ஜின் நின்றுவிட்டது, ஆனால் ஷாப்புக்குள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, யாருக்கும் தெரியாது அல்லவா, தெரிந்தவன் ஓடிப்போய் மெயினை இறக்கும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம்? அவன் நாற்பது வயசு ஆள், சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் இரண்டு பேருக்குக் கொண்டுவருவான், கருவாடு வேண்டுமா கோதண்டம் என்று முந்தின நாள்தான் கேட்டான். இல்லை, அதே நாள். அதே நாள்தானா? சாப்பாட்டு மணி அடித்ததற்கு முன்னாலா பின்னாலா? பெட்டியில் பெரிய மேளம் உருண்டு வந்து எல்லாவற்றையும் மூடியது, அது மூடின இடத்திலிருந்து நிறுத்தாமல் வேறு ஒன்று கிளம்பியது, அடியில் ஒரே நடை, பன்னிரண்டு பதினைந்து காலடி வைத்து முதல் இடத்துக்கே வந்து மறுபடி அதே காலடி.

விழுந்த நோட்டை எடுக்கும்போது அட்டையின் உள்பக்கம் திறந்துகொண்டது. அங்கே பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். சிவப்புப் பக்கம் முதலில். மஞ்சள் பக்கம் இரண்டாவது. நம்ம ஆட்கள் சிவப்பைப் பார்த்தால் கழித்த சாமான் என்று ஒதுக்குவார்கள், ஒதுக்க வேண்டாம், சிவப்பு என்றால் நில் என்றும் அர்த்தம் உண்டு, நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் இதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு அருளப்பனைப் பார்த்தேன். கை சும்மா கிடந்தது, ஓய்ந்துபோய், கண் மட்டும் என் மேல் இருந்தது. அப்படியானால் அந்த இல்லை இதற்கு. பக்கம் தப்பு, பக்கம் தப்பு என்று சொல்லியிருக்கிறான், நான் விசாரணை நடத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, உடனே கோபமாக இருந்தது, இவன் முன்னால் மறுபடி முட்டாள் ஆனேனே என்று. நோட்டைப் புரட்டி மஞ்சள் பக்கத்துக்கு எழுதியிருந்ததைத் தேடினேன். இருந்தது. முதலில் மிஷின் ஓடும், நிற்காது. சண்டையில் டாங்கி ஓடுவது என்று சிலர் எழுதுகிறார்கள், இருக்கலாம், நாம் டாங்கியைப் பார்த்ததில்லை. மேலே ஒரு அலறல் வரும். மூணாம் லைனில் அன்றைக்கு நின்றவர்களுக்கு இந்த அலறல் தெரியும். அதற்கு அப்புறம் மேளம், அப்புறம் ஒரே நடை திரும்பத் திரும்ப. யார் மேல் தப்பு என்று இது சொல்லாது. சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். இதை வாசித்தபோது அந்த நடைதான் போய்க்கொண்டிருந்தது, மேலே ஏதேதோ வந்து வந்து போனது, அடியில் அதே காலடி. அருளப்பனும் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும். நான் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று இருந்தேன், அதில் இவனுக்கு என்ன பங்கு? கடைசியில் இசை மெலிந்து மெலிந்து ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. முள் நடுவில் போய் உரசிக்கொண்டிருந்தது.

சிவப்பைப் போடவாடா என்று கேட்டேன். இது வாய்விட்டுக் கேட்டது, சந்தேகமே இல்லை. கை ஒரு தரம் எழும்பியது, சுத்தமாக, ஒரே தரம். நாலு விரலும் சேர்ந்து எழும்பி அப்படியே படுத்தது. அவன் கைக்கு ஒரு குறையும் இல்லை, தெளிவாகப் பேசுகிறது. திருப்பிப் போட்டேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். தரையில் விழுந்து கிடப்பவன் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி பார்த்தான், முடியவில்லை. மூன்றாவது முறை பாதி எழுந்தான். நான் விரலை அடுத்த வரிக்குக் கொண்டுபோனேன். மேலே மெல்லிசாக வயலின்கள், குளிர் காலையில் மூச்சு விடுவது போல என்று எழுதியிருந்தான். அவை வந்தன. பதினோராவது நிமிஷத்தில் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வரும் என்று இருந்தது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோராவது நிமிஷத்தில் வந்தது. ஐந்து அடி விழும், எண்ணிக்கொள்ளவும் என்று இருந்தது, எண்ணினேன், ஐந்து. குழல் ஒன்று தனியாக அழும், நாயனத்தில் முகாரி மாதிரி இருக்கும், ஆனால் முகாரி இல்லை. வந்தது. முகாரி மாதிரி இருந்தது, முகாரி இல்லை. ஒரு வரிகூடப் பிசகவில்லை. என்னென்ன இருந்ததோ அதை எழுதியிருக்கிறான், இல்லாதது ஒன்றையும் எழுதவில்லை. இருக்கிறதை இருக்கிறது என்று எழுதுகிறவன். மேலே போகாதே என்று எனக்கு நானே சொன்னேன், ஆனால் மனசு போய்விட்டது, அது சொன்னதைக் கேட்குமா. இருக்கிறதை இருக்கிறது என்று எழுதுகிறவன், இல்லாததை என்ன என்று சொல்லுவான்?

கொடி. நான் நட்டேன். மூங்கில் கழி, நுனியில் இரும்புப் பூண், ஜல்லியைக் காலால் தள்ளிவிட்டுக் குத்தினேன். அது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, இருபத்திரண்டு வருஷமாகத் தெரிகிறது. ஆனால் எந்த நாள்? அந்த வேலையை ஒன்பது வருஷம் செய்தேன், ஒரு நாளைக்கு நாலு தரம் குத்தியிருப்பேன், எல்லாக் கொடியும் ஒரே கொடிதானே. என் கண்ணில் இருக்கிற கொடி காற்றில் ஆடுகிறது. அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். தூறலில் கொடி ஆடாது, நனைந்து கழியோடு ஒட்டிக்கொள்ளும். நான் பார்க்கிற கொடி ஆடுகிறது. விசாரணையில் ஒரு கொடியை மேஜை மேல் வைத்தார்கள், டூல் பெட்டிக்குள் சுருட்டி இருந்தது என்று ஃபோர்மேன் சொன்னார். அது இன்னொரு கொடி சார், எங்களிடம் இரண்டு உண்டு என்று நான் சொன்னேன். இரண்டு உண்டு, அது உண்மை. நட்டதை எவனோ பிடுங்கிப் போட்டிருக்கிறான் என்றேன். எவன்? அந்தக் கொடியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் டூல் பெட்டியிடம் எதற்குப் போனேன்? ஸ்பேனர் எடுக்க. ஸ்பேனர் எடுக்கத்தான், வேறு எதற்கு? கருவாடு வேண்டுமா கோதண்டம் என்று அவன் கேட்டது அடியில் இறங்கும்போதா? சரி இறங்கட்டுமா என்று கேட்டானே, அதற்கு நான் என்ன சொன்னேன்? கொடியை எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ இறங்கு என்று சொன்னேனா? சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்காதா? பெட்டியில் அழுத குழல் நின்று பெரிய வயலின்கள் மறுபடி அடியில் முனகத் தொடங்கின. எனக்கு உடம்பு வேர்த்தது, மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அருளப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் பகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பொய் சொன்னவன் கண்ணைத் தாழ்த்தியிருக்க வேண்டும், இவன் தாழ்த்தவில்லை, விசாரணை அறையிலும் தாழ்த்தவில்லை, நேராகப் பார்த்துத்தான் சொன்னான்.

பொய்தானே சொன்னே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு அந்தக் கேள்விக்குப் போகவில்லை.

"டேய் அருளு, நான் கொடி வச்சேனாடா?"

கேட்டுவிட்டேன். அறையில் கேட்டது, எனக்கே கேட்டது. அவன் கண் ஒரு தரம் மூடித் திறந்தது, ஈரமாக இருந்தது, அது நோயினாலும் இருக்கலாம். போர்வை மேல் இடது கை அசைந்தது. விரல்கள் சேர்ந்தன. எழும்பப் போகிறது. ஒரு தரம் எழும்பினால் நான் இருபத்திரண்டு வருஷமும் சரியாக இருந்தேன். இரண்டு தரம் எழும்பினால் நான் யார், முனிரத்தினத்தின் பெண்சாதி கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து யாரைத் திட்டினாள், நான் பதினொரு மாசம் வீட்டில் உட்கார்ந்து யாரைத் திட்டினேன். ஸ்டூலிலிருந்து எழுந்தேன் என்று நினைக்கவில்லை, ஆனால் எழுந்திருக்கிறேன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன், என் வலது கை அவன் இடது கை மேல் இருக்கிறது, முழுதாக மூடிக்கொண்டு. சூடான கை. என் கையைவிட மெலிந்துவிட்டது. எலும்பு தெரிகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிலோமினா முக்காட்டை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தவள் எங்களைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். இதுக்குத்தானே அண்ணே இத்தனை வருஷமா மன்றாடினேன் என்றாள், அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், இருங்க, காப்பி போட்டு வரேன், கைய விட்டுட்டு எழுந்திரிச்சுப் போயிடாதீங்க என்றாள். விடலம்மா என்று சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. பெட்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நோட்டில் எந்த வரி என்று தெரியவில்லை, நோட்டு கீழே எங்கோ கிடந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் அவன் விரல்கள் முட்டின. ஒரு தரம். அடுத்தது வருவதற்குள் நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.